கணினிக் கல்வியும் கிராம ஸ்வராஜ்யமும்

சேலத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ராஜபாட்டையில் தொப்பூர்க் கணவாயைக் கடந்து, தர்மபுரியை நெருங்குமுன் நல்லம்பள்ளி வருகிறது. தாலுகா கச்சேரியும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் அமைந்த ஊராதலால், சுற்றுப்புறக் கிராமங்களின் ஜனங்கள் தங்கள் காரியங்களுக்காக நாடி வரும் இடம் அது. அவ்வட்டாரத்துக் குடியானவர் ஒருவர் தம் நிலத்தின் பட்டா நகலைப் பெற வேண்டுமாயின் இன்று கம்ப்யூட்டர் வழியாகவே பெறுகிறார். அவர் மகனுக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டுமாயின் அதே வழி. மகள் சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கு மனுச் செய்வதும், பொறியியற் கல்லூரியில் இடம் தேடுவதும் அதே வழி. கலந்தாய்வுக்கென்று தகப்பனும் பிள்ளையும் சென்னைக்கு ரயிலேறிய காலம் 2018-ஆம் ஆண்டோடு மாறிவிட்டது. ஆகவே கிராமத்துக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமா, வேண்டாமா என்று விவாதிப்பது இனி வீண். அது வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டது. எஞ்சியுள்ள கேள்வி ஒன்றே. அந்த யந்திரத்துக்கு நம் கிராமத்தார் எஜமானர்களாகப் போகிறார்களா? அல்லது அதன் முன் கைகட்டி நிற்கும் மனுதாரர்களாகவே காலம் கழிக்கப் போகிறார்களா?

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. முற்காலத்தில் கிராமத்து நிலக் கணக்கெல்லாம் கர்ணத்தின் சுவடியில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆதலால் ஊரின் மானமும் அவமானமும் அவர் எழுத்தாணி முனையில் நின்றன. நல்ல கர்ணம் வாய்த்த ஊர் பிழைத்தது, அல்லாதது தவித்தது. பரம்பரைக் கர்ண முறையைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 1980-ஆம் ஆண்டில் ஒழித்தது. ஆனால் முறை ஒழிந்தாலும் அதன் காரணம் ஒழியவில்லை. கணக்கு ஓரிடத்தில் இருக்க, அதைப் படிக்கும் வித்தை சிலர் கையில் மட்டும் இருக்குமாயின், அங்கே ஒரு புதிய கர்ணம் தானே பிறந்துவிடுகிறார். இன்று அவர் கையில் எழுத்தாணி இல்லை, விசைப்பலகை இருக்கிறது. இ-சேவை மையங்களில் ஊழியம் செய்வோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களிற் பலர் கிராமத்துக்குப் பேருதவி செய்கின்றனர். ஆனால் தம் பெயரில் என்ன மனு எழுதப்பட்டது, தம் இரகசிய எண் யாரிடம் சொல்லப்பட்டது, தம் கைரேகை எதற்காக வைக்கப்பட்டது என்று அறியாமலே திரும்பிச் செல்லும் ஒரு ஜனசமூகத்தை ஸ்வதந்திர ஜனசமூகம் என்று எவ்வாறு அழைப்பது?

“ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறதே, இனிக் கற்க என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கக்கூடும். பஸ்ஸில் ஏறி உட்காரத் தெரிந்தவரெல்லாம் பஸ் ஓட்டத் தெரிந்தவராவரோ? செல்போனில் படம் பார்ப்பதும் பாட்டுக் கேட்பதும் ஏறி உட்காரும் வகையைச் சேர்ந்தவை. 2017–18-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் நடத்திய 75-ஆவது தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் கிராமக் குடும்பங்களில் 100-க்கு 4.4 குடும்பங்களிலேயே கம்ப்யூட்டர் இருந்தது; நகரங்களில் அது 23.4. ஐந்து வயதுக்கு மேற்பட்ட கிராமத்தாரில் கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 9.9 பேர், நகரத்தாரில் 32.4 பேர். அதற்குப் பின் செல்போன்கள் பெருகியிருக்கின்றன என்பது மெய்யே. ஆனால் பார்க்கும் கருவி பெருகியதனால் செய்யும் வித்தை பெருகிவிட்டதாகக் கொள்வது தவறு.

நம் தர்மபுரி ஜில்லாவின் நிலைமையை இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும். சேலம் ஜில்லாவினின்று 1965-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று பிரிக்கப்பட்ட இந்த ஜில்லா, 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியாக நின்றது. ராஜ்யம் முழுமைக்கும் 100-க்கு 80 பேர் எழுத்தறிந்திருக்க, இங்கே 68.5 பேரே அறிந்திருந்தனர். முதல் எழுத்தறிவில் நாம் பின்தங்கியதன் பலனை, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலை தேடிச் சென்ற குடும்பங்கள் இரண்டு தலைமுறைகளாக அனுபவித்து வருகின்றன. நல்லம்பள்ளித் தாலுகாவிலேயே சிப்காட் தொழிற்பூங்காவுக்குத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆலை வருமாயின் அதில் மேஜையருகே அமர்வோர் யார், வாசலில் காவல் நிற்போர் யார் என்பதை இன்றைய கல்வியே தீர்மானிக்கும். முதல் எழுத்தில் தவறவிட்ட வண்டியை இரண்டாம் எழுத்திலும் தவறவிடலாகாது என்பதே நமது கவலை.

கற்க வேண்டுவன யாவை? மலைப்பதற்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் என்பது மாயமுமன்று, மந்திரமுமன்று. மின்சாரம் உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகளை அறிந்த யந்திரம் அது. அவ்விரு நிலைகளை எட்டு இடங்களில் வரிசையாகக் கோத்தால் 256 வேறுபட்ட அடையாளங்கள் கிடைக்கின்றன. எழுத்து, படம், பாட்டு யாவும் இத்தகைய அடையாளங்களின் கோவைகளே. உலகத்து எழுத்துக்கள் யாவற்றுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு என்னும் பொது ஏற்பாட்டில் நம் “அ” என்னும் எழுத்துக்கு 2949 என்னும் எண் அமைந்திருக்கிறது. நல்லம்பள்ளியில் ஒரு பிள்ளை “அ” என்று அழுத்தினாலும், கோலாலம்பூரில் ஒரு பெரியவர் அழுத்தினாலும், யந்திரம் அறிவது அந்த ஓர் எண்ணைத்தான். செய்கின்ற மூளை ஒன்று, செய்யும்போது குறித்துக்கொள்ளும் சிலேட்டு ஒன்று, செய்ததைச் சேமிக்கும் பெட்டகம் ஒன்று, இவற்றையெல்லாம் மேற்பார்க்கும் இயக்கு தளம் ஒன்று — இந்நான்கையும் விளங்கிக்கொண்டவன் யந்திரத்தைக் கண்டு அஞ்சமாட்டான். மின்சாரம் போனதும் சிலேட்டில் எழுதியது அழியும், பெட்டகத்தில் வைத்தது நிற்கும் என்பதை ஒருமுறை அறிந்தால் போதும். அரை நாள் வேலையை இழந்து தலையில் கைவைக்கும் நிலை வராது.

இண்டர்நெட் என்னும் இணையமும் அவ்வாறே. ஒரு பெரிய புத்தகத்தைத் தபாலில் அனுப்ப நினைத்த ஒருவர், அதை ஏடு ஏடாகப் பிரித்து, ஒவ்வோர் ஏட்டிலும் விலாசமும் பக்க எண்ணும் எழுதித் தனித்தனி உறைகளில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சேலம் வழியாகப் போகலாம். ஒன்று ஓசூர் வழியாகப் போகலாம். சேருமிடத்தில் பக்க எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டால் புத்தகம் முழுமையாகிறது. தொலைந்த ஏட்டை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இணையத்தில் செய்திகள் செல்லும் முறை இதுவே. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி அமெரிக்காவில் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கிடையே தொடங்கிய இம்முறை, 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, நம் ஸ்வதந்திர தினத்தன்று, சென்னை உட்பட இந்திய நகரங்கள் சிலவற்றில் பொதுஜன உபயோகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. இணையம் என்பது தண்டவாளம்; வலை என்பது அதன்மேல் ஓடும் வண்டி. பலர் இரண்டையும் ஒன்றென மயங்குகின்றனர்.

அவ்வண்டியைக் கட்டியவர் டிம் பர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். சுவிட்சர்லாந்து தேசத்து ஜினீவா நகரத்தருகே, செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த அவர், 1989-ஆம் ஆண்டில் தம் யோசனையை எழுதிக் கொடுத்தார். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி அந்நிலையம் ஒரு பத்திரத்தின் மூலம் இவ்வித்தையை உலகுக்கு இலவசமாக விட்டுக்கொடுத்தது. யாரும் எடுத்தாளலாம், யாருக்கும் உரிமைப்பணம் செலுத்த வேண்டுவதில்லை. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த அதியமானின் பூமி இது. அவன் பெயர் தாங்கிய அதியமான்கோட்டை நல்லம்பள்ளித் தாலுகாவிலேயே இருக்கிறது. அத்தகைய கொடையொன்று உலகுக்கு வழங்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆனபின்பும், அதியமானின் ஊர்ப் பிள்ளைகள் அக்கனியைப் பிறர் உண்பதைப் பார்த்து நிற்பதா?

வலைப்பக்கம் அமைக்கும் வித்தையை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே: கம்ப்யூட்டர்க் கல்வியில் செலவு குறைந்ததும், பலன் உடனே கண்ணுக்குத் தெரிவதும், கற்றவனைச் செய்பவனாக மாற்றுவதும் அதுதான். அதற்கு விலையுயர்ந்த யந்திரம் வேண்டாம்; பழைய மடிக்கணினி போதும். விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். எந்தக் கம்ப்யூட்டரிலும் உள்ள சாதாரண எழுதுபலகையும் உலாவியும் போதும். எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியில், இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது வேறொரு பக்கத்துக்கு வழி என்று தொடக்கத்திலும் முடிவிலும் குறியிட்டு எழுதினால் உலாவி அதைப் பக்கமாக்கிக் காட்டுகிறது. பர்னர்ஸ்-லீ 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற்பட்டியலில் இருந்தவை 18 குறிகளே. இன்று நூற்றுக்கு மேல் வளர்ந்திருந்தாலும், இருபது குறிகளைக் கொண்டு ஒரு நல்ல பக்கம் அமைக்கலாம். நிறம், அளவு, இடம் ஆகிய அலங்காரங்களுக்கு சி.எஸ்.எஸ். என்னும் நடையேடு 1996-ஆம் ஆண்டு முதல் உண்டு. பக்கத்துக்கு அசைவு கொடுக்க ஜாவாஸ்கிரிப்டு 1995 முதல் உண்டு. வீடு கட்டுவதற்கு ஒப்பிட்டால், முதலாவது சுவர், இரண்டாவது சுண்ணமும் வர்ணமும், மூன்றாவது கதவும் தாழ்ப்பாளும். முறையாகக் கற்கும் வாலிபன் சில வாரங்களில் முதற்சுவரை எழுப்பிவிடுவான்.

இதன் அருமையை நம் தேசபக்தர்களைவிட நன்கு உணரக்கூடியவர் யார்? 1910-ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் பத்திரிகைகளிடம் ஜாமீன் தொகை கேட்டது. பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகை 1908-ஆம் ஆண்டில் புதுச்சேரிக்குக் குடிபெயர நேர்ந்தது. 1913-ஆம் ஆண்டில் ‘ஞானபாநு’ பத்திரிகையைத் தொடங்கிய சுப்பிரமணிய சிவா, சிறையில் பெற்ற கொடுநோயோடு ஊர் ஊராகச் சுற்றி, இறுதியில் நம் ஜில்லாப் பாப்பாரப்பட்டியில் 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி உயிர் நீத்தார். அவர்களுக்கு ஓர் அச்சுக்கூடமும், எழுத்துக் கோப்போரும், காகிதமும், தபாற் செலவும் தேவைப்பட்டன. அதற்காக நகைகளையும் நிலங்களையும் விற்றோர் உண்டு. இன்று ஒரு கிராமத்து வாலிபன் தன் ஊர்ச் செய்தியை உலகம் படிக்குமாறு வெளியிட அவற்றில் ஒன்றும் வேண்டுவதில்லை. எளிய பக்கங்களை இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தருவோர் உளர். சொந்தப் பெயரில் விலாசம் வேண்டின் ஆண்டு வாடகை சிறு தொகையே. முன்னோர் அரும்பாடுபட்டு நாடிய சாதனம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, அதைக் குனிந்து எடுக்காதவர்களைச் சரித்திரம் மன்னிக்குமா?

“பேஸ்புக்கிலும் யூடியூபிலும் எழுதலாமே, சொந்தப் பக்கம் எதற்கு?” என்பாருக்கு ஒரு வார்த்தை. அவை வாடகை வீடுகள். வாடகை வீட்டில் குடியிருப்பது குற்றமன்று. ஆனால் அதைச் சொந்த வீடென்று நம்பி ஆயுட்காலச் சம்பாத்தியத்தையெல்லாம் அங்கே கொட்டி வைப்பது பேதைமை. யாஹூ கம்பெனியின் ஜியோசிட்டீஸ் 2009-ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது உலகெங்கும் எண்ணற்ற பக்கங்கள் மறைந்தன. 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி இந்திய சர்க்கார் டிக்டாக் செயலியைத் தடை செய்தது. தடை நியாயமா, அநியாயமா என்பது இங்கே விஷயமன்று. அதில் மட்டுமே பெயரும் பிழைப்பும் தேடியிருந்த கிராமத்து வாலிபர்கள் மறுநாள் விடிந்தபோது வீடின்றி நின்றனர் என்பதே விஷயம். பக்கம் அமைக்கும் வித்தை தெரிந்தவன் ஓரிடம் மூடினால் தன் ஏடுகளைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போவான். தெரியாதவன் தெருவில் நிற்பான்.

இனி பாஷை விஷயம். இவ்வித்தையை இங்கிலீஷில் மட்டுமே கற்க முடியும் என்னும் எண்ணம் நம் கிராமத்துப் பிள்ளைகளின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இது பொய்யான அச்சம். நல்லம்பள்ளி சேலம் ஜில்லாவில் இருந்த காலத்திலேயே, 1916-ஆம் ஆண்டில், சேலம் நகரத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்று ஒன்றை நிறுவினர். சாஸ்திரங்களைத் தமிழில் கற்பிப்பதற்கான சொற்களை ஆக்கிப் பத்திரிகையும் நடத்தினர். அவ்வழியில் வந்தோர் கம்ப்யூட்டர் யுகத்திலும் வாளாவிருக்கவில்லை. 1995-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை வலையில் ஏற்றினார். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, பழந்தமிழ் நூல்களை இலவசமாக வலையில் ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 என்னும் விசைப்பலகையைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் அங்கீகரித்தது. 2003-ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் வலை விலாசங்களுக்கும் 2010, 2011-ஆம் ஆண்டுகளில் இடம் கிடைத்துவிட்டது. பாதை போட்டாகிவிட்டது, நடப்பதற்குத்தான் கால்கள் தயங்குகின்றன.

எச்.டி.எம்.எல். குறிகள் இங்கிலீஷ் எழுத்தில் அமைந்தவை என்பது மெய்யே. ஆனால் அவை சில டஜன் சொற்கள். மோட்டார் மெக்கானிக்காக உழைக்கும் நம் வாலிபன் எந்தக் கல்லூரியிலும் இங்கிலீஷ் படியாமலே கார்புரேட்டரையும் கியர் பாக்ஸையும் பெயர் சொல்லிப் பிரித்து மாட்டவில்லையா? குறிகள் இங்கிலீஷில் இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். பக்கத்தின் பொருள் தமிழில் இருக்கட்டும். தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் குதறி எழுதும் பழக்கம் மட்டும் முதல் நாளே ஒழிய வேண்டும். தமிழ் 99 பலகையில் உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துக்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கின்றன. நாள்தோறும் அரை மணி பழகினால் ஒரு மாதத்தில் கை தானே ஓடும்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின்கீழ், மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணாக்கருக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் இலவசமாக வழங்கப்பட்டன. 6,000-க்கு மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. கல்லூரி மாணாக்கர் 20 லட்சம் பேருக்கு மறுபடி கருவி வழங்குவதாக 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாத வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும், உழவனுக்கு ஏரைக் கொடுத்து உழும் பருவத்தைச் சொல்லாமல் விட்டால் ஏர் என்னாகும்? பரண்மேல் ஏறும், அல்லது விலைக்குப் போகும். யந்திரம் கொடுப்பது ஒரு நாள் விழா. வித்தை கொடுப்பது நீண்ட நாள் ஊழியம். பள்ளி ஆய்வகம் பரீட்சை நடத்தவும் பதிவேடு ஏற்றவும் மட்டும் திறந்து, மாலை நான்கரை மணிக்குப் பூட்டப்படுமாயின், அது ஜனங்களின் பணத்தால் வாங்கிய பூட்டிய புத்தகசாலைக்கே ஒப்பாகும். மறுபுறத்தில், ஏழைத் தகப்பனிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, தட்டச்சும் படம் வரைதலும் காட்டி, வர்ணக் காகிதத்தில் சான்றிதழ் தரும் வகுப்புகளும் ஆங்காங்கே மலிந்திருக்கின்றன. சான்றிதழ் வித்தையாகாது. “நீ செய்த பக்கத்தைக் காட்டு” என்று கேட்பதே உண்மையான பரீட்சை.

இன்னுமோர் ஆக்ஷேபம் அண்மையில் கிளம்பியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய யந்திரம், கேட்ட மாத்திரத்தில் வலைப்பக்கத்தைத் தானே எழுதிக் கொடுக்கிறதே. இனி மனிதன் ஏன் கற்க வேண்டும் என்பது அது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இக்கூற்று பலமாகக் கேட்கிறது. யந்திரம் எழுதுகிறது என்பது மெய். சில சமயம் பிழையாகவும் எழுதுகிறது, அதையும் பிழையற்றது போன்றே எழுதுகிறது. வக்கீல் எழுதிய பத்திரத்தைப் படித்துப் பாராமல் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மார் இழந்த நிலங்கள் எத்தனை! படிக்கத் தெரிந்தவனுக்கு வக்கீல் துணை. தெரியாதவனுக்கு அவரே விதி. அடிப்படை அறிந்தவன் இப்புதிய யந்திரத்தைக் கொண்டு பத்து நாள் வேலையை ஒரு நாளில் முடிப்பான். அறியாதவன் அது சொன்னதைத் தலையாட்டி ஏற்பான். ஆகவே இந்த யந்திரத்தின் வரவு கற்பதன் அவசியத்தைக் குறைக்கவில்லை, பன்மடங்கு பெருக்கியிருக்கிறது.

யந்திரமே கிராமத்துக்குப் பகை என்று கருதும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வோம். யந்திர மோகத்தைக் காந்தியடிகளைவிடக் கடிந்தவர் எவர்? அவரே 1924-ஆம் ஆண்டில் ஒரு வாலிபருடன் நடந்த சம்பாஷணையில் சிங்கர் தையல் யந்திரத்தை விலக்காக எடுத்துக் கூறினார். மனிதனுக்கு உதவும் யந்திரம் வேறு, மனிதனை விழுங்கும் யந்திரம் வேறு என்பதே அவர் கருத்து. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வியோ, கைத்தொழில் வாயிலாகவே அறிவைப் புகட்ட வேண்டும் என்றது. பார்க்க மட்டும் பழகியவனை யந்திரம் விழுங்குகிறது. செய்யப் பழகியவனுக்கு அது தையல் யந்திரமாகிறது. கம்ப்யூட்டரை ஒரு கைத்தொழிலாகக் கற்பிக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

நடைமுறையில் செய்யத்தக்கது யாது? நல்லம்பள்ளியில் ஆறு மாத மாலை வகுப்பொன்றைத் தொடங்கலாம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி. பள்ளி ஆய்வகத்தை மாலையில் திறந்துவிடக் கல்வி இலாகா இணங்க வேண்டும். இணங்கும்வரை நூலகமோ, ஊராட்சிக் கட்டடமோ, ஒரு திண்ணையோ போதும். வீடுகளில் தூங்கும் பழைய மடிக்கணினிகளைத் திரட்டிப் பழுது பார்த்து, இலவச இயக்கு தளமான லினக்ஸைப் போட்டால் அவற்றிற் பல உயிர் பெறும். முதல் மாதம் யந்திரத்தின் உறுப்புகளும் தமிழ்த் தட்டச்சும். இரண்டாம் மாதம் இணையமும், கடவுச்சொல்லைக் காக்கும் முறையும், ஏமாற்றுவோர் வலையில் சிக்காத வழியும். பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்ட வேண்டும். மூன்றாம், நான்காம் மாதங்கள் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். ஆகியன. கடைசி இரண்டு மாதங்களில் ஒவ்வொரு மாணாக்கனும் தன் கிராமத்துக்கு ஒரு பக்கம் அமைத்து வெளியிட வேண்டும்.

அப்பக்கத்தில் என்ன எழுதுவது? அங்கேதான் அரசியல் ஊழியர்களின் கடமை வருகிறது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அச்சபைகளின் தீர்மானங்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏரி தூர்வார ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, மீதி எங்கே? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கேட்கப்படுமுன்னரே இத்தகைய விவரங்களைப் பொது அதிகார அமைப்புகள் தாமே வெளியிட வேண்டுமென்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைத் திண்ணைக்குக் கொண்டுவரும் கருவி இந்த வலைப்பக்கம். கிராம சபைத் தீர்மானமும், ஊராட்சி வரவு செலவும், பஸ் நேரமும், ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கும் நேரமும், சந்தை நிலவரமும் தமிழில் அழகாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்குமாயின், அந்த ஊரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. வலைப்பக்கம் போட்டவுடன் பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி விலை ஏறிவிடும் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் புளியும் மாம்பழமும் ராகியும் விளைவிப்போர் பத்துப் பேர் கூடித் தங்கள் சரக்கையும் விலாசத்தையும் உலகறிய எழுதி வைத்தால், தரகர் சொன்னதே விலை என்னும் நிலை தளரும்.

பெண்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். மாலை வகுப்பென்றதும் அதில் வாலிபர்கள் மட்டும் நிறைந்துவிடுவது வழக்கம். அந்நேரம் தாய்மார்களுக்கும் தங்கைகளுக்கும் அடுப்படி நேரம். இருட்டிய பின் வீடு திரும்பப் பஸ்ஸும் இராது. ஆகவே அவர்களுக்குப் பிற்பகலில், அவரவர் கிராமத்திலேயே, சுய உதவிக் குழுக்கள் கூடும் இடங்களிலேயே வகுப்பு நடக்க வேண்டும். குழுவின் கணக்கைத் தாமே கம்ப்யூட்டரில் எழுதும் பெண், வீட்டுக் கணக்கிலும் ஊர்க் கணக்கிலும் பிறர் சொல்லை அப்படியே நம்பமாட்டாள். நம் சகோதரர்களிற் சிலருக்கு இது உவப்பாயிராது என்பதை நாம் அறிவோம். பாதி உடம்பு விழித்துப் பாதி உடம்பு உறங்கினால் தேசம் எழுந்து நடக்க முடியுமா என்று அவர்கள் யோசிக்கட்டும்.

கற்பிக்க உபாத்தியாயர் எங்கே என்று கேட்கலாம். பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தர்மபுரி ஜில்லா வாலிபர்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்புகிறார்கள். பெங்களூரிலிருந்து நல்லம்பள்ளி சில மணி நேரப் பிரயாணமே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிறந்த மண்ணுக்குக் கொடுக்குமாறு அவர்களைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கொடுக்க அவர்களுக்குக் கடமை உண்டு. கற்ற ஒருவன் ஐவருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதையே வகுப்பின் கட்டணமாக வைக்கலாம்.

தேச ஊழியர்களே! கொடியேற்றுவதும் கூட்டம் கூட்டுவதும் மட்டுமே தேச சேவையாகா. ஸ்வதேசி என்றால் நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வது என்று பொருள். அன்று துணி, இன்று இதுவும். ஊருக்கு ஒரு பள்ளி என்று முன்னோர் உழைத்தனர். ஊருக்கு ஒரு பக்கம், அதை அமைக்க அவ்வூரிலேயே பத்துப் பேர் என்று நாம் உழைப்போம். வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பள்ளி ஆய்வகத்தின் சாவியை மாலை வேளையில் கேளுங்கள். மறுத்தால் எழுத்து மூலம் காரணம் கேளுங்கள். சாவி கிடைக்கும்வரை ஒரு பழைய மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து, நான்கு பிள்ளைகளை அருகில் அமர்த்தி, “அ” என்னும் எழுத்தை அழுத்தச் சொல்லுங்கள். வேலை அங்கே தொடங்கட்டும்.